வேம்பு, இலுப்பை, புன்னை: பருப்பிலிருந்து எண்ணெய் வரை, வன்னி வளவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் மரத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இலுப்பைக்கடவை, வேப்பங்குளம், புன்னைநீராவி. இந்த மூன்று மரங்களின் கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். அப்படியிருந்தும், ஆடியில் முற்றம் கூட்டும்போது வேப்பங்கொட்டையைச் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிட்டு, மிளகாய்க் கன்றில் பூச்சி கண்டதும் கடைக்கு ஓடிச் சின்னப் போத்தலில் வேப்பெண்ணெய் வாங்குகிற ஆட்கள் நாங்கள்.

2021இல் இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் இறக்குமதித் தடை வந்ததே, அந்த வருடம்தான் நானும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். முதல் வருடம் எடுத்தது முழுவதும் பழுதாகிப் போனது. எப்படிப் பழுதானது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்குப் பாடம் வந்தது அங்கிருந்துதான்.

தொடங்குமுன்: எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது?

அநேகமான விதை எண்ணெய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாதாரணக் கொழுப்புத்தான். ஒலெயிக், ஸ்ரியரிக், பாமிற்றிக், லினோலெயிக் என்று நாலைந்து கொழுப்பமிலங்கள், மரத்துக்கு மரம் அளவு மாறி வரும். விளக்கு எரிவதும் சவர்க்காரம் ஆவதும் இந்தப் பகுதி. உடம்பிலோ பூச்சியிலோ வேலை செய்கிற சேர்மங்கள் மிச்சமிருக்கும் சிறு பகுதிக்குள் இருக்கின்றன. ஸ்ரெரோல்கள், விற்றமின் ஈ வகைகள், வேம்பென்றால் அசாடிரக்டினும் நிம்பினும் சலானினும், புன்னையென்றால் கலோபிலோலைட்டு என்று பட்டியல் நீளும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பருப்பில் இருப்பதெல்லாம் எண்ணெயோடு வெளியே வராது. எண்ணெயில் கரைகிறவை எண்ணெயோடு வரும். தண்ணீரை விரும்புகிறவை பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அசாடிரக்டின் இரண்டுங்கெட்டான். கொஞ்சம் எண்ணெயோடு வரும், பெரும் பங்கு பிண்ணாக்கில் நிற்கும். இலுப்பையில் இருக்கும் சப்போனின் என்ற நுரைக்கும் சேர்மம் எண்ணெய்க்குள் வரவே வராது. ஆகவே பிண்ணாக்கைக் கொட்டுகிறவர் மருந்தில் பாதியைக் கொட்டுகிறார். கீழே சொல்லும் படிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

எந்தக் கொட்டை எதற்கு?

வேம்பு பூச்சிக்கு. 1942இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர் நிம்பினைப் பிரித்தெடுத்தார். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மோர்கன் இருவரும் அசாடிரக்டினைப் பிரித்தார்கள். அந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கலானதென்றால், ஆய்வுகூடத்தில் அதை முழுதாகக் கட்டி முடிக்க 2007 வரை ஆனது. நம் முற்றத்து மரமோ வருடா வருடம் அதைச் செய்து நிலத்தில் கொட்டிவிடுகிறது. அசாடிரக்டின் பட்ட புழு உடனே சாகாது. தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் கிடந்து போகும். தெளித்த மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதென்று மருந்தைக் குறை சொல்லக்கூடாது, மூன்று நாலு நாள் பொறுக்க வேண்டும்.

இலுப்பை கொழுப்புக்கு. ஒலெயிக் நாற்பது வீதத்துக்கு மேல், ஸ்ரியரிக் இருபதுக்கு மேல். அதனால்தான் மார்கழி விடியலில் போத்தலுக்குள் நெய்போல உறைகிறது. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரியும். மற்றக் கோயில்களுக்கு அந்தக் காலத்தில் இலுப்பெண்ணெய்தான் எரிந்தது.

புன்னை தோலுக்கு. கரும்பச்சை எண்ணெய், கனத்த மணம். கலோபிலோலைட்டு, இனோபிலம் என்ற கூமரின் வகைகள் இதில் உண்டு. வீக்கம் தணிக்கும் குணம் ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. சாப்பிடும் எண்ணெய் அல்ல.

மாங்கொட்டை பற்றியும் கேட்பார்கள். கறுத்தக்கொழும்பான் தின்றுவிட்டு எறிகிற கொட்டைக்குள் நல்ல கொழுப்பு இருக்கிறது, கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாக ஐரோப்பாவில் சொக்லேற்றில் சேர்க்க அனுமதித்த ஆறு கொழுப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் உலர்ந்த பருப்பில் பத்து வீதம் அளவுதான். செக்கில் போட்டால் மாவுதான் வரும். ஆலையில் கரைப்பான் ஊற்றி எடுக்கிற சரக்கு அது. வீட்டில் பெற்றோலோ தின்னரோ ஊற்றி எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வளவுக்குள் விடாதீர்கள். பாலைப்பழ விதையிலும் எண்ணெய் உண்டு, ஆனால் பழத்தைத் தின்று விதையைச் சேர்க்கிற பொறுமை எனக்கு இல்லை.

படி 1: பொறுக்குவது

வேம்பும் இலுப்பையும் யூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை பழுத்து விழும். மழை இல்லாத, காற்று அடிக்கிற காலம். காயவைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. மரத்தை உலுக்கிக் காயைப் பறிக்க வேண்டாம். மஞ்சளாகிப் பழுத்து விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும். நிலத்தில் நாள்கணக்கில் கிடந்து கறுத்ததை விட்டுவிடுங்கள். மரத்தடியில் ஒரு படங்கை விரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அள்ளினால் மண்ணும் சேராது, முதுகும் நோகாது.

இலுப்பைக்கு வௌவால்தான் கூலியில்லாத வேலையாள். பழத்தைத் தூக்கிக்கொண்டு தன் மரத்துக்குப் போய்ச் சதையைச் சப்பிவிட்டு விதையைக் கீழே போடும். வௌவால் அடையும் மரத்தடிக்குக் காலையில் போனால், மண்ணிறத்தில் பளபளவென்று சதையில்லாத விதைகள் குவியலாகக் கிடக்கும். அதிகாலையில் போங்கள், எறும்பும் பன்றியும் முந்திவிடும். பொறுக்கியபின் கையையும் விதையையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

இன்னொன்று. காட்டோரம் மரம் நிறையக் காய்த்திருக்கிறதென்று தெரியாத இடத்துக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடம், அகற்றி முடித்ததாகச் சொல்லப்படாத இடம் எதுவும் வேண்டாம். நம் வளவிலும் கோயில் வீதியிலும் விழுகிறதே ஒரு வீட்டுக்குத் தாராளம்.

படி 2: சதை நீக்குவது

வேப்பம்பழத்தை அன்றன்றே கழுவ வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டு, பழைய சாக்குத் துண்டால் தேய்த்தால் தோலும் சதையும் மிதந்து வரும். மூன்று தண்ணீர் மாற்றினால் போதும். ஒரு இரவு ஊறவிட்டால் இலகு என்று சொல்வார்கள். ஆனால் அதற்குமேல் ஊறினால் புளித்து, அந்தச் சூடே பருப்பைக் கெடுத்துவிடும்.

படி 3: காயவைப்பது

முதல் வருடம் நான் தோற்ற இடம் இதுதான். கழுவிய விதையைத் தகரத்தின் மேல் பரப்பி உச்சி வெயிலில் இரண்டு நாள் வைத்தேன். வெளியே மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. சரி, முடிந்தது என்று யூரியாப் பையில் கட்டிச் சமையலறை மூலையில் வைத்துவிட்டேன். மூன்று கிழமை கழித்துப் பையை அவிழ்த்தபோது ஒரு புழுங்கல் மணம். விதையை உடைத்துப் பார்த்தால் பச்சையாக இருக்க வேண்டிய பருப்பின் மேல் மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சை, தூள்போல. கிட்டத்தட்டப் பதினைந்து கிலோ. குழி வெட்டிப் புதைத்தேன்.

அந்தப் பூஞ்சையை மணத்தோடு விட்டுவிடக்கூடாது. கொட்டைகளில் வளரும் அஸ்பேஜிலஸ் வகை அஃபிளாடொக்சின் என்ற நஞ்சைச் செய்யும். கச்சானில் நாம் பயப்படுகிற அதே நஞ்சு. அதுமட்டுமல்ல, ஈரமான பருப்பில் கொழுப்பை உடைக்கிற நொதியம் விழித்துக்கொள்ளும். கொழுப்பு உடைந்து அமிலமாகி, எண்ணெய் பிழியுமுன்பே பழுதாகிவிடும்.

இப்போது செய்வது இப்படி: முதல் ஒரு நாள் மட்டும் இளவெயில், விடியலிலிருந்து பத்து மணி வரை. அதன்பின் காற்றோடுகிற நிழல். பனையோலைப் பாயில் ஒரு விரற்கடைக்கு மேல் தடிப்பில்லாமல் பரப்பி, நாளுக்கு மூன்று தடவை கிண்ட வேண்டும். சோளகக் காற்றில் பத்து நாள் பிடிக்கும். அசாடிரக்டினுக்கு வெயிலும் சூடும் ஆகாது, அதனால்தான் நிழல். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கையில் ஒரு பிடி எடுத்துக் குலுக்குங்கள். ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். ஒன்றை உடைத்துப் பருப்பை வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும். கட்டி வைப்பது காற்றுப் புகும் சணல் சாக்கில், பலகை மேல். யூரியாப் பை கூடவே கூடாது.

புன்னைக்கு விதியே வேறு. புதிதாக உடைத்த புன்னைப் பருப்பு வெள்ளையாக இருக்கும், பிழிந்தால் எண்ணெய் கிடையாது. ஓட்டை உடைத்துப் பருப்பைத் தனியே எடுத்து ஆறு முதல் எட்டுக் கிழமை வெயிலில் வைக்க வேண்டும். வெள்ளை மஞ்சளாகி, செம்மண்ணிறமாகி, கடைசியில் விரலில் ஒட்டும் அளவுக்குப் பிசுபிசுக்கும். நகத்தால் கீறினால் எண்ணெய் கசியும். அதுதான் பதம். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

படி 4: உடைப்பது

வேப்பங்கொட்டை ஓடு மெல்லியது. உரலில் போட்டு உலக்கையால் மெல்லத் தட்டி, சுளகில் புடைத்தால் ஓடு பறந்துவிடும். விதையின் எடையில் பாதிதான் பருப்பு. இலுப்பை ஓடு வழுவழுப்பானது, கல்லில் வைத்து ஒரு தட்டு. கறுத்த பருப்பு, சுருங்கியது, புழு துளைத்தது எல்லாவற்றையும் இந்தக் கட்டத்தில் கழித்துவிடுங்கள். ஒரு பிடி கெட்ட பருப்பு ஒரு போத்தலைக் கெடுக்கும். உடைத்த பருப்பை அன்றோ மறுநாளோ பிழிந்துவிட வேண்டும், உடைத்து வைத்திருந்தால் காறும்.

படி 5: பிழிவது

மூன்று வழி இருக்கிறது.

கையால் பிசைவது வேம்புக்கு. ஒரு கிலோ பருப்பை உரலில் இடித்துக்கொண்டே போனால் முதலில் மாவு, பிறகு மண்ணிறக் களி. உலக்கை ஒட்டத் தொடங்கும். அதைத் தாம்பாளத்தில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்துப் பிசைய வேண்டும், ரொட்டிக்கு மா குழைப்பதுபோல. ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. பத்தாவது நிமிடம் மாவின் மேல் மினுமினுப்பு ஓடும், வேர்வைபோலத் துளித்துளியாக எண்ணெய் நிற்கும். அப்போது தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு உருண்டையை இறுக்கிப் பிழிய, விரலிடுக்கால் வடியும். உள்ளிப் பூண்டும் கந்தகமும் கலந்த மணம் வீட்டை நிறைக்கும், இரண்டு நாளைக்குப் போகாது. என் கைக்குக் கிலோவுக்கு 100 முதல் 150 மில்லிலீற்றர் வருகிறது. பருப்பில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவுதான், ஆனால் சூடு படாத எண்ணெய்.

செக்கு அல்லது சிறு பிழி இயந்திரம் இரண்டாவது வழி. ஒருமுறை மில்லுக்குக் கொண்டுபோனபோது, "அக்கா, வறுத்துக் கொண்டு வந்தால் எண்ணெய் கூட வரும்" என்றார் அங்கு நின்றவர். அவர் சொன்னது உண்மைதான். சூடாக்கினால் எண்ணெய் இளகி அதிகம் வரும். இலுப்பைக்கு அது சரி, நமக்கு வேண்டியது அதன் கொழுப்பு. வேம்பை வறுத்தால் அளவு கூடும், அசாடிரக்டின் போகும். மில்லில் கொடுக்குமுன் இன்னொன்றும் கேளுங்கள்: எள்ளும் தேங்காயும் ஆட்டுகிற அதே உரலில் வேம்பையும் புன்னையையும் போடுகிறார்களா? போடுகிறார்கள் என்றால் அங்கே சமையல் எண்ணெய் ஆட்டாதீர்கள்.

மூன்றாவது, அவித்தெடுப்பது. இலுப்பைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு கல்லுக்கடியில் வைத்து அழுத்துவது. அம்மம்மா இரண்டு பலகைக்கு நடுவில் மூட்டையை வைத்து மேலே அம்மியைத் தூக்கி வைப்பார். விடிய எழும்பிப் பார்த்தால் கீழே சட்டியில் எண்ணெய் நிற்கும்.

படி 6: தெளியவிடுவது

எண்ணெயை உயரமான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு கிழமை அசைக்காமல் வையுங்கள். அடியில் மண்டி, அதற்கு மேல் சிலவேளை ஒரு மெல்லிய தண்ணீர் அடுக்கு. மேலே இருப்பதை மட்டும் இறுத்து, நாலாக மடித்த பழைய பருத்தித் துணியில் வடிக்க வேண்டும். தண்ணீர் ஒரு துளி நின்றாலும் காறல் தொடங்கும். கடும் நிறப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள், போத்தலுக்குள் காற்றுக்கு இடமிருந்தால் ஒட்சியேற்றம் நடக்கும். திகதியை எழுதி ஒட்டுங்கள். வேப்பெண்ணெயை அடுத்த ஆடிக்குள் முடித்துவிடுவது நல்லது.

படி 7: சோதிப்பது

மூக்கு முதல் கருவி. பழைய வர்ணம் மணப்பதுபோல இருந்தால் காறிவிட்டது. இலுப்பெண்ணெய்க்கு இன்னொரு சோதனை செய்யலாம், மஞ்சளை வைத்து. ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் கோஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். கையுறை போட்டு, கண்ணுக்குப் பாதுகாப்போடு, பிள்ளைகள் இல்லாத நேரம். 1 கிராம் எண்ணெயை 10 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் கலந்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்கள். ஊசி போடும் சிரிஞ்சியால் கோஸ்டிக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கலக்க, ஒரு கட்டத்தில் மஞ்சள் குங்குமச் சிவப்பாக மாறி அரை நிமிடம் நிற்கும். விட்ட ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் ஏறக்குறைய 0.7 வீதம் உடைந்த கொழுப்பமிலம் என்று கணக்கு. 3 மில்லிலீற்றர் போனால் 2.1 வீதம். வருடா வருடம் எழுதி வைத்தால் உங்கள் காயவைப்பு எப்படிப் போகிறதென்று அதுவே சொல்லும். வேப்பெண்ணெயும் புன்னையெண்ணெயும் கடும் நிறம், நிறமாற்றம் தெரியாது.

அசாடிரக்டின் எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழி கிடையாது, சேர்மங்களைப் பிரித்து அளக்கிற குரோமற்றோகிராபி என்ற ஆய்வுகூட முறை வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. படிக்கிற பிள்ளை யாரையாவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள்.

படி 8: பாவிப்பது

பயிருக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயைக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசலில் அடித்துப் பால்போல ஆக்கிவிட்டுத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். நேரே ஊற்றினால் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கிற கன்று கருகும். முதல் நாள் இரண்டு கன்றுக்கு மட்டும் தெளித்துப் பாருங்கள். நேரம் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. வெயில் அசாடிரக்டினைச் சில நாட்களில் உடைத்துவிடும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கும்.

எண்ணெய் எடுக்காமலே இன்னொரு வழி, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். அரைக் கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி 10 லீற்றர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடித்து, 20 கிராம் சவர்க்காரத்தூள் கலந்து தெளிப்பது. ஐந்து வீதக் கரைசல் என்பார்கள். பிண்ணாக்கில் நின்றுவிடுகிற அசாடிரக்டின் இதில் தண்ணீரோடு வந்துவிடுகிறது.

விதைக்கென்று வைக்கிற உழுந்து, பயறு, கௌபிக்குக் கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் விட்டுப் புரட்டி வைத்தால் வண்டு துளைக்காது. கறிக்கு வைக்கிற பயறுக்கு வேண்டாம், கசக்கும்.

புன்னையெண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி பூசி ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் வேறிடத்தில் பூச வேண்டும். திறந்த காயத்துக்கும் கண்ணருகிலும் வேண்டாம்.

வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது, சில துளிகூட. முன்னோர் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். வேப்பெண்ணெய் குடித்த குழந்தைகள் வலிப்பு வந்து, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் 1980களிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பமாக இருப்பவரும் அதற்கு முயல்கிறவரும் உள்ளுக்கு எடுக்கக்கூடாது. சொந்தத் தோட்டத்துக்குச் செய்வது வேறு. பூச்சிமருந்து என்று லேபல் ஒட்டி விற்பதென்றால் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும்.

படி 9: பிண்ணாக்கு

வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கிக் கத்தரி, மிளகாய்ப் பாத்தியில் நடுமுன் மண்ணோடு கிளறுங்கள். நைதரசன் இருக்கிறது, வேர் முடிச்சுப் புழுவையும் அடக்கும். யூரியாவோடு கலந்து போட்டால் அதிலுள்ள நைதரசன் மண்ணில் மெதுவாக மாறி, பயிருக்கு நின்று உதவும். இந்தியாவில் 2015இலிருந்து யூரியாவுக்கெல்லாம் வேப்பெண்ணெய் பூசியே விற்கிறார்கள், காரணங்களில் ஒன்று இது.

இலுப்பைப் பிண்ணாக்கு நம் அரப்பு. ஒரு கரண்டித் தூளைப் போத்தலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்குங்கள், போத்தல் முழுக்க நுரை நிற்கும். அந்த நுரைதான் எண்ணெயோடு வர மறுத்த சப்போனின். எண்ணெய் வைத்து முழுகும் நாளில் தலைக்குத் தேய்த்தால் சிக்கும் எண்ணெயும் போகும். கண்ணில் பட்டால் எரியும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மாட்டுக்கு இதை வைக்காதீர்கள். மீனுக்கு இது நஞ்சு. மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுமுன் குளத்திலிருக்கும் மற்ற மீன்களை அழிக்க இந்தப் பிண்ணாக்கைத்தான் போடுவார்கள். ஆகவே அரப்பு வைத்து முழுகிய தண்ணீரைக் குளத்துக்குப் போகிற வாய்க்காலில் விடாமல் வாழையடிக்குத் திருப்பி விடுங்கள்.